நாலாம் இலக்க ஆதனம்

கணவர் அருளம்பலத்தின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எட்டாம் நாள் பாலேஸ்வரியின் வீட்டுக்குள் மூன்று நிறங்களில் கோடு போட ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் மரியாதையானவர்கள். செருப்பை வாசலில் கழற்றினார்கள். மாலை போட்டிருந்த அருளம்பலத்தின் படத்துக்கு முன்னால் அரை நிமிடம் நின்றார்கள். பிறகு பெயின்ற் வாளிகளைத் திறந்தார்கள். சிவப்பு முதுசம். மஞ்சள் தேட்டம். பச்சை சீதனம்.

அருளம்பலம் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்து, யாருக்கும் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். மரணசாசனம் எழுதவில்லை. பிள்ளைகள் இல்லை. இப்படிப் போகிறவர்களுக்காகவே தேசவழமைச் சட்டம் இருக்கிறது. தகப்பன் வழியில் வந்தது முதுசம். அது அவருடைய இரத்தத்துக்கே திரும்பும். கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேட்டம். அதில் பாதி மனைவிக்கு. மனைவி கொண்டுவந்தது சீதனம், அது அவளுடையது. கேட்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். புத்தூரில் ஒரு வீட்டின் நிலத்தில் அதைக் கோடாகப் போடும்போதுதான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

விறாந்தை, கூடம், படுக்கை அறை எல்லாம் மாமனார் கட்டியவை. சிவப்பு. குசினியும் பின்வளவில் இருந்த கக்கூசும் கலியாணத்துக்குப் பிறகு கட்டியவை. மஞ்சள். மஞ்சளில் பாதி பாலேஸ்வரிக்கு என்பதால் குசினியின் நடுவே ஒரு கோடு போனது. தண்ணீர்க் குழாய் அவளுடைய பாதிக்குள் வந்தது. அடுப்பு, அருளம்பலத்தின் தமையன் செல்வநாயகத்தின் பாதிக்குள் போனது. செல்வநாயகம் எண்பத்தாறில் கனடாவுக்குப் போனவர். அந்த அடுப்பை அவர் கண்டதில்லை.

பச்சை, சீதனத்தில் விற்காமல் மிஞ்சிய ஓர் அலுமாரிக்கு மட்டும். அது படுக்கை அறையில், சிவப்பின் நடுவே ஒரு தீவு போல நின்றது.

"அம்மா, அலுமாரி உங்கடை. அதிலை பிரச்சினை இல்லை," என்றார் கோடு போட்டவர். "ஆனா கதவைத் திறக்கேக்கை அது முதுசத்துக்கு மேலாலை வருது. பார்த்துத் திறவுங்கோ."

செல்வநாயகத்தின் அற்றோணித் தத்துவம் ஜெயரூபனிடம் இருந்தது. கனடாக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம் அது. ஜெயரூபன் செல்வநாயகத்தின் மனைவி வழி மருமகன். அடுத்த ஒழுங்கையில் கடை வைத்திருந்தான். கெட்டவன் அல்ல. அதிகாரம் கிடைத்த நாளிலிருந்து அவனுக்கும் சரியாக நித்திரை இல்லை.

"மாமி, நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் தாராளமா நடவுங்கோ," என்றான். "ஆனா சிவப்பைத் தாண்டேக்கை எனக்கு ஒரு மெசேச் போட்டு விடுங்கோ. மாமா கேட்டா காட்டோணும்."

குசினியிலிருந்து கக்கூசுக்குப் போகக் கூடத்தைக் கடக்க வேண்டும். பாலேஸ்வரி ஒவ்வொரு முறையும் மெசேச் போட்டாள். ஜெயரூபன் ஒவ்வொரு முறையும் பெருவிரல் படம் அனுப்பினான். ஒருநாள் கடையில் சனம் கூடியிருந்ததால் பெருவிரல் வர இருபது நிமிடமாயிற்று. அந்த இருபது நிமிடமும் அவள் மஞ்சளில் நின்றாள். நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். இப்படிக் கேட்டுவிட்டுக் காத்து நிற்பது அவளுக்குப் புதிதாக இருக்கவில்லை. காலுக்கு அது பழகியிருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கூரையின் கீழும் அவளுக்கு எந்தப் பக்கம் மழை ஒழுகும் என்று தெரியாது. குசினியில் பாதி அவளுடையது என்று எழுத்தில் உறுதியானால், பாதிக் குசினி உள்ளவளை மீதி வீட்டிலிருந்து யாரும் இலகுவாக எழுப்ப முடியாது என்று ஜெயரூபனே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தான். அதற்காக அவள் அச்சுவேலிக்குப் பஸ் ஏறினாள்.

கோடு போட ஆட்களை அனுப்பிய ஆதன வகைபிரித்தல் அலகு, அச்சுவேலியில் ஒரு பசளைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. சொத்துக்கு அங்கே ஆதனம் என்று பெயர். படியேறும்போதே யூரியா மணத்தது. பகுப்பதிகாரி நீக்கிலாப்பிள்ளைக்கு முன்னால் மூன்று நிறப் பேனைகள் இருந்தன. அவர் பாலேஸ்வரியை இருக்கச் சொல்லிவிட்டு, கதிரை அலகுக்குச் சொந்தமானது, இருப்பதால் உரித்து ஏதும் உண்டாகாது என்று விளக்கினார்.

"அம்மா, சட்டத்துக்குக் கண்ணில்லை எண்டு சொல்லுவினம். எங்கடை அலகுக்குக் காதுமில்லை. அதாலை எங்களிலை பாரபட்சம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. இருவது வருஷமா நான் ஒரு குடும்பத்தின்ரை கதையும் கேட்டதில்லை. கதையைக் கேட்டா நியாயம் எது எண்டு தெரிஞ்சுபோம். பேந்து வேலை செய்யேலாது."

ஒரு படிவம் தந்தார். 'திருமண காலத்தில் இருவரும் சேர்ந்து தேடிய யாவற்றையும் குறிப்பிடுக.'

பாலேஸ்வரி அதை வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தாள். குசினி என்று எழுதினாள். கக்கூஸ். தண்ணீர் மோட்டார். பிளாஸ்ரிக் கதிரை ஆறு. அதற்குப் பிறகு பேனை நின்றது. முப்பத்தைந்து வருடத்தில் வேறு என்ன சேர்ந்து தேடினோம்? சாப்பிடும்போது கதைக்காமல் இருப்பதைத் தேடிக்கொண்டோம். அது அவர் தகப்பன் வீட்டிலிருந்தும் வரவில்லை, அவள் கொண்டுவந்ததும் இல்லை. இரண்டு பேருமாகச் சிறுகச் சிறுகக் கட்டியது, குசினியைப் போலவே. 'பேசாமை' என்று எழுதினாள். பிறகு வெட்கமாக இருந்தது. வெட்டிவிட்டாள்.

படிவத்தை வாங்கிய நீக்கிலாப்பிள்ளை வெட்டிய இடத்தில் விரல் வைத்தார். "வெட்டினா பக்கத்திலை சின்னக் கையெழுத்து வைக்கோணும். வெட்டின சாமானுக்கும் பெறுமதி போடோணும். இது எந்த ஆண்டு வாங்கினது?"

"அது வாங்கினது இல்லை ஐயா."

"நன்கொடையோ?"

பாலேஸ்வரி யோசித்தாள். "இருக்கலாம்," என்றாள்.

அவர் 'நன்கொடை' என்று எழுதிக்கொண்டார்.

இனிக் கலியாணம் நடந்ததற்கு ஆதாரமாகச் சீதன உறுதிப் பத்திரம் வேண்டும் என்றார். அவள் கொண்டுவந்திருந்தாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம் எழுதிய உறுதி. ஊரடங்குக்கு முன் எழுதி முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடிய ஒரு பின்னேரம் அது. அதை வாசித்தவள் தனுசியா, அலகின் எழுதுவினைஞர். இருபத்தாறு வயது. கண்ணாடியை மேலே தள்ளித் தள்ளி வாசித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"சேர், பெறுபவர் எண்ட இடத்திலை அருளம்பலம் எண்டு இருக்கு."

"மனைவியின்ரை பெயரெல்லோ வரோணும்? சீதனம் பொம்பிளைக்கெல்லோ?"

"அதிலை ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு சேர். மாப்பிள்ளையின்ரை பெயரோடை வரி முடிஞ்சுது."

"அப்ப மனைவியின்ரை பெயர் எங்கை?"

தனுசியா பாலேஸ்வரியை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தி வாசித்தாள்.

"ஆதன அட்டவணை. ஒண்டு, நாவலடி எனும் பெயருடைய காணி, நாலு லாச்சம். ரெண்டு, கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு. மூண்டு, தங்க நகையும் அலுமாரி ஒண்டும். நாலு, மேற்படியாரின் மகள் பாலேஸ்வரி, வயது இருபத்துமூண்டு."

கீழே பசளை மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

பாலேஸ்வரிக்கு அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. மாமனார், உறுதி எழுதிய நொத்தாரிசின் கிளாக்கருக்குப் பின்னால் நின்று, "மகன்ரை பெயரை முதல் போடும், முதல் போடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளாக்கர் நல்ல மனுசன். அவளுடைய பெயரை விடாமல், எங்கே இடம் இருந்ததோ அங்கே போட்டிருக்கிறான். எட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். அவளும் சாட்சியாக வைத்தாள். யாரும் வாசிக்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு வழக்குக் கோவை கிடைப்பது பாக்கியம்.

"அம்மா, இது முழுசா வேறை விஷயம். ஆதனம் இன்னொரு ஆதனத்தை வைச்சிருக்கேலாது. கிணறு போய் வீட்டை வாங்கேலாது. அதைப்போலைதான். அப்ப குசினியிலை உங்கடை பாதி இல்லாமல் போகுது."

"ஐயா, நான் ஆள்."

"அது உங்கடை கருத்து. நான் மதிக்கிறன்."

அவள் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அடையாள அட்டை அடையாளத்துக்கு. உரித்துக்கு உறுதி," என்றார் அவர். "பயப்பிடாதேங்கோ. ஆதனத்துக்கு எங்கடை சட்டத்திலை நல்ல பாதுகாப்பு இருக்கு. ஆக்களுக்குத்தான் குறைவு."

நாலாம் இலக்க ஆதனத்துக்கு உறுதியில் எல்லை குறிப்பிடப்படவில்லை. எல்லை இல்லாத ஆதனத்தைப் பகுக்க முடியாது. அதனால் அடுத்த செவ்வாய்க்கிழமை நில அளவையாளர் நாடாவோடு புத்தூருக்கு வந்தார். பாலேஸ்வரி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயரூபனுடைய பெருவிரல் அனுமதியோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவளை இருத்தினார்கள்.

"கிழக்கு, கிணறு," என்று அவர் எழுதினார். "தெற்கு, காயும் மிளகாய். மேற்கு, ஒழுங்கை."

"தம்பி, அடுப்பிலை பருப்பு கிடக்கு. ஒருக்காப் பார்த்திட்டு வரட்டோ?"

"போனா எல்லை மாறும் அம்மா. திருப்பி முதலிலையிருந்து."

பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தது. வடக்கு வேலிக்கு மேலால் சின்னத்தங்கத்தின் தலை தெரிந்தது. அவள் பக்கத்து வளவுக்காரி. பாலேஸ்வரியிலும் இரண்டு வயது மூப்பு.

"என்னடி பாலேசு, உன்னையும் அளக்கிறாங்களோ? எத்தினை லாச்சம் வருமாம்?"

"இன்னும் சொல்லேல்லை அக்கா."

"கவனமா இரு. குறைச்சு அளந்து போடுவாங்கள். என்ரை வளவையும் முந்தி இப்பிடித்தான் குறைச்சு அளந்தவங்கள்."

"நீங்கள் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டனீங்கள், அதைக் கண்டுபிடிச்சவங்கள்," என்றாள் பாலேஸ்வரி. முப்பது வருடமாகச் சொல்ல நினைத்து, கணவர் சண்டை வேண்டாம் என்றதால் சொல்லாமல் இருந்தது அது. சின்னத்தங்கத்தின் தலை வேலிக்குக் கீழே போயிற்று. அளவையாளர், 'வடக்கு, பிணக்குக்குரிய வேலி' என்று எழுதினார்.

பிறகு அவருடைய பேனை ஒரு கட்டத்துக்கு மேல் நின்றது. அவர் நல்ல பிள்ளை. அவளுக்குத் தெரியாமல் எழுதப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். 'ஆதனத்திலுள்ள பயன்தரு மரங்கள்.' அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

"சட்டப்படி கேக்கிற கேள்வி அம்மா," என்றார்.

"ஓம்," என்றாள். "முந்தியும் கேட்டவை."

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை. நாலாம் இலக்க ஆதனம் சீதனமாக வந்ததென்றும், பிள்ளைகள் இல்லாததால் வந்த வழிக்கே திரும்ப வேண்டுமென்றும் அலகு தீர்மானித்திருந்தது. அதனால் பாலேஸ்வரியின் தம்பி வாகீசனுக்குக் கடிதம் போயிருந்தது: 'உமக்குரிய ஆதனத்தைப் பொறுப்பேற்க வாகன வசதியோடு சமுகமளிக்கவும்.' வாகீசன் கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம். தேங்காய் ஏற்றும் லாண்ட்மாஸ்ரர் வண்டியோடு வந்திருந்தான். தமக்கையின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தான்.

"ஐயா, அக்கா எண்டா எனக்கு உயிர்," என்றான். "ஆனா வீட்டிலை இடம் இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசுறம். இருக்கிற ஒரு அறையிலை தேங்காய்."

"ஏற்க மறுக்கிறதெண்டா ஒன்பதாம் படிவம் இருக்கு," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "காரணம் எண்ட இடத்திலை தேங்காய் எண்டு போடலாம்."

"மறுக்கேல்லை ஐயா! ஆர் மறுத்தது? நாளைக்கு ஊரிலை நான் முகத்திலை முழிக்கிறேல்லையோ? சும்மா சொன்னனான்."

ஜெயரூபன் எழுந்தான். "சேர், மாமா வீட்டை வெறுவீடாத்தான் கேக்கிறார். மாமியை அங்கையே விட்டா, பேந்து பராமரிக்கிற பொறுப்பு தன்ரை தலையிலை விழும் எண்டு பயப்பிடுறார்."

இரண்டு பக்கமும் அன்போடு ஒதுங்கின. நீக்கிலாப்பிள்ளை பேனையைக் கடித்தார். அப்போது தனுசியா மெல்லச் சொன்னாள்.

"சேர், ஆட்சி உரிமை எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

அவர் நிமிர்ந்தார். "இருக்கு! அம்மா, கேளுங்கோ. ஒரு ஆதனத்தை ஒருத்தர் பத்து வருஷம் தொடர்ந்து, மற்றவை ஒருத்தரும் குறுக்கிடாமல், வேறை ஆற்றையும் உரித்தை ஒப்புக்கொள்ளாமல், தன்ரை எண்டு ஆண்டுவந்தா அது அவருக்கே சொந்தம். நீங்கள் உங்களைப் பத்து வருஷம் அப்பிடி ஆண்டுவந்தனீங்களோ? ஓம் எண்டு சொன்னாப் போதும். இண்டையிலிருந்து நீங்கள் உங்களுக்கே சொந்தம். கோவையை மூடியிடலாம்."

"அப்ப வீடு?"

"வீடு செல்வநாயகத்துக்கு. அருளம்பலம் செத்த அண்டைக்கு நீங்கள் ஆதனம்தானே. ஆளா வந்தது இண்டைக்குத்தான். முந்தின தேட்டத்திலை பங்கு வராது. ஆனா நீங்கள் சுதந்திரமாப் போகலாம்."

"எங்கை?"

"அது எங்கடை அலகுக்குள்ளை வராது அம்மா."

வாகீசனுக்கு உயிர் வந்தது. "ஓம் எண்டு சொல்லு அக்கா! உனக்கு நீயே சொந்தம். இதைவிட என்ன வேணும்?"

"மாமி, சொல்லுங்கோ," என்றான் ஜெயரூபன். "எல்லாருக்கும் சுகம்."

யாரும் அவளிடம் இதுவரை இவ்வளவு சரியான ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

பத்து வருடம். அவள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு எழும்புவது கணவருடைய தேத்தண்ணிக்கு. தனக்கு எத்தனை மணிக்கு விழிப்பு வரும் என்று தெரியாது. கறிக்கு உறைப்பு அவருக்கு ஏற்றபடி. பின்னேரம் கோயிலுக்குப் போவது அவர் போகச் சொன்னால். அவர் கொடுமைக்காரர் அல்ல, ஒருநாளும் கையோங்கவில்லை. கேட்டால் அநேகமாக ஓம் என்றுதான் சொல்வார். ஆனால் கேட்க வேண்டும். கேட்ட ஒவ்வொரு முறையும் வேறொருவரின் உரித்தை ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்?

இரண்டாயிரத்து மூன்றில் அவர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போய்ப் பதினொரு நாள் நின்றார். அந்தப் பதினொரு நாளை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். முதல் மூன்று நாளும் பழக்கத்தில் அவருடைய கறியையே சமைத்தாள். நாலாம் நாள் சமைக்கவில்லை. பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில் கூடத்தின் நடுவே பாயில்லாமல் படுத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பிறகு யாரிடமும் சொல்லவுமில்லை.

"எட்டு நாள்," என்றாள்.

"என்ன?"

"பத்து வருஷம் இல்லை ஐயா. எட்டு நாள்தான். பொய் சொல்லேலாது."

"அக்கா!" என்றான் வாகீசன்.

நீக்கிலாப்பிள்ளை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். இருபது வருடத்தில் அவருக்கு முன்னால் யாரும் இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னதில்லை. சொந்தம் கொண்டாடவே சனம் அங்கே வரும்.

"அப்ப ஆட்சி இன்னும் முதிரேல்லை," என்றார் கடைசியில். "உரிமையாளர் ஆரெண்டு முடிவாகேல்லை. அட்டவணையிலை ஒரு ஆதனம் முடிவாகாட்டி முழு அட்டவணையையும் மூடேலாது. ஒருத்தரும் ஒண்டையும் பொறுப்பேற்கேலாது. எல்லாம் இருந்தபடி இருக்கோணும். ஆதனங்கள் எல்லாம் இப்ப எங்கை கிடக்குதோ அங்கையே கிடக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்றான் ஜெயரூபன்.

"பத்து வருஷம்."

"சேர், அதுவரைக்கும் மாமி அந்த வீட்டிலையோ? நான் போய் எழும்பச் சொன்னா?"

"சொல்லலாம். அது குறுக்கீடு. குறுக்கிட்டா பத்து வருஷம் திரும்ப முதலிலையிருந்து தொடங்கும்."

ஜெயரூபன் கணக்குப் பார்த்தான். முகம் வெளிறியது. "மெசேச்?"

"அனுமதி குடுக்கிறதும் குறுக்கீடுதான்."

அவன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"எந்தத் திகதியிலையிருந்து எண்ணுறது அம்மா?" என்று தனுசியா கேட்டாள். அவள் பேனையை எடுத்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்குக் காது இருந்தது போலிருந்தது.

"இண்டையிலிருந்து," என்றாள் பாலேஸ்வரி.

தனுசியா திகதியை எழுதினாள். நேரம் பதினொன்று இருபது என்றும் எழுதினாள். முத்திரை குத்தினார்கள். வேலை முடிந்தது என்று வாகீசன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, தமக்கையின் கைப்பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரி அக்கா, எழும்பு. வெயில் ஏற முந்திப் போவம்."

பாலேஸ்வரி எழும்பினாள்.

"சேர்," என்றாள் தனுசியா. "எழும்பு எண்டவர். அவ எழும்பீட்டா."

நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். சிவப்புப் பேனையால் பதினொன்று இருபதை வெட்டி, வெட்டிய இடத்தில் சின்னக் கையெழுத்து வைத்து, பதினொன்று இருபத்தாறு என்று எழுதினார். "ஆறு நிமிஷம் போட்டுது," என்றார் வாகீசனிடம். "இனி வாயைத் திறக்காதேங்கோ."

வாகீசன் கைப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். ஜெயரூபன் சுவரோடு ஒட்டி நின்றான். பாலேஸ்வரி மறுபடியும் கதிரையில் இருந்தாள்.

கீழே லாண்ட்மாஸ்ரர் வழியை மறிக்கிறதென்று பசளைக் கடைக்காரர் சத்தம் போட்டார். பன்னிரண்டு மணியாயிற்று. அலகின் சாப்பாட்டு நேரம். நீக்கிலாப்பிள்ளை தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பாலேஸ்வரியைப் பார்த்தார். அலுவலகத்தைப் பூட்ட வேண்டும், எழும்புங்கோ என்று சொல்ல வாயெடுத்தார். தனுசியாவின் பேனை உயர்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பாலேஸ்வரிக்கும் பசித்தது. அவளுக்கு எழும்பலாம் என்றும் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றும் இருந்தது. இரண்டில் எது தன்னுடையது என்று அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நால்வரும் பேசாமல் காத்திருந்தார்கள்.